கொல்லையில் கிடைத்த நாகரிகம்

வாட்ச்காரர்: ஸ்டூல்ல வச்சிட்டேன். நான் தள்ளிப் போனப்புறம் கதவைத் திற, தொத்திக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார்ல.

டீச்சர்: அது கிடக்கட்டும். இன்னிக்கு என்ன கிடைச்சுது?

வாட்ச்காரர்: முதல்ல சூப்பைக் குடி.

டீச்சர்: முதல்ல சொல்லுங்க.

வாட்ச்காரர்: நேத்தும் இப்படித்தான் கதை கேட்டுக்கிட்டே ஆற விட்ட.

டீச்சர்: ஆறாம இருந்தா மட்டும்? வெந்நீர்ல காரட்டைக் குளிப்பாட்டி எடுத்திருந்தீங்க.

வாட்ச்காரர்: அந்தக் காரட்டையும் நீ விட்டு வைக்கலையே. கிண்ணம் கழுவின மாதிரி வந்துது.

டீச்சர்: பசிச்சுது. க்ஹும்... க்ஹும்...

வாட்ச்காரர்: இருமல் இன்னும் நிக்கலையா?

டீச்சர்: நிக்கும் நிக்கும். உங்க குரல் கேட்டாத்தான் வருது.

வாட்ச்காரர்: முன்னாடி ரெண்டு ஸ்பூனுக்கு மேல இறங்காம கிண்ணம் அப்படியே திரும்பி வரும். அப்போ எனக்கு...

டீச்சர்: அப்போ உங்களுக்கு?

வாட்ச்காரர்: ஒண்ணுமில்ல. தள்ளிப் போறேன். திற.

டீச்சர்: இந்த ஊமைக்கோட்டான் வாயில இருந்து முழுசா ஒரு வாக்கியம் வர்றதுக்குள்ள எனக்கு வயசாயிடும்... எடுத்துக்கிட்டேன். கதவையும் சாத்தியாச்சு. இப்போ சொல்லுங்க.

வாட்ச்காரர்: ஒரு ஜாடி. உடைஞ்சதுதான். அப்புறம் ஒரு பாட்டில்.

டீச்சர்: எங்க? கொல்லையிலயா?

வாட்ச்காரர்: அதே குழிதான். தண்ணிக்குழாய் உடைஞ்ச இடத்துல தோண்டினேனே, அதுக்குப் பக்கத்துல.

டீச்சர்: எவ்வளவு ஆழத்துல?

வாட்ச்காரர்: ஒரு... முழங்கை ஆழம்.

டீச்சர்: நேத்து இடுப்பளவு ஆழம்னீங்க.

வாட்ச்காரர்: நேத்து நேத்து. இன்னிக்கு இன்னிக்கு.

டீச்சர்: வரலாறு மேல ஏறி வருதா? நான் இத்தனை வருஷமா பிள்ளைங்களுக்கு, பழசு அடியில இருக்கும், புதுசு மேல இருக்கும்னு சொல்லிக் கொடுத்துட்டேனே.

வாட்ச்காரர்: அந்தக் காலத்து ஜனங்க மேட்டுல வீடு கட்டியிருப்பாங்க.

டீச்சர்: ஓ... சரி. ஜாடியில கோடு ஏதாவது இருக்கா?

வாட்ச்காரர்: கழுத்துல ஒரு சிவப்புக் கோடு. லென்ஸ் வச்சுப் பார்த்தேன். கை நடுங்காம ஒரே இழுப்பா இழுத்திருக்கான்.

டீச்சர்: கண்ணுல இடுக்கிக்கிற வாட்ச் கடை லென்ஸா?

வாட்ச்காரர்: கடையைத்தான் திறக்க விடலையே. கண்ணுக்கு ஏதாவது வேலை வேணாமா?

டீச்சர்: சிவப்புக் கோடுன்னா... நம்ம உப்பு ஜாடியிலகூட ஒண்ணு இருக்கும்ல?

வாட்ச்காரர்: உப்பு ஜாடியிலயா... நான் கவனிச்சதில்ல.

டீச்சர்: சூப்புல இன்னிக்கு உப்பே காணோமே.

வாட்ச்காரர்: அதுவா... உப்பை ஒரு டப்பாவுல மாத்தினேன். எந்த டப்பான்னு மறந்துட்டேன்.

டீச்சர்: ஜாடியில இருந்ததை எதுக்கு மாத்தினீங்க?

வாட்ச்காரர்: ஜாடியைக் கழுவலாம்னு.

டீச்சர்: கழுவினீங்களா?

வாட்ச்காரர்: ...கழுவினேன்.

டீச்சர்: நல்லது. பாட்டிலைப் பத்திச் சொல்லுங்க.

வாட்ச்காரர்: பச்சைக் கண்ணாடி. உள்ளங்கை அளவு.

டீச்சர்: வாயில திருகு மரை இருக்கா?

வாட்ச்காரர்: இருக்கு.

டீச்சர்: மூடி?

வாட்ச்காரர்: மூடி காலப்போக்குல அழிஞ்சு போயிருக்கும்.

டீச்சர்: பாவம். உள்ள ஏதாவது?

வாட்ச்காரர்: ஒரு எண்ணெய் வாசனை... லேசா.

டீச்சர்: ஆயிரம் வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தும் வாசனை போகலையா?

வாட்ச்காரர்: அந்தக் காலத்துச் சரக்கு. இப்போ வர்ற மாதிரியா?

டீச்சர்: அதுவும் சரிதான். பத்திரமா வச்சிருக்கீங்களா எல்லாத்தையும்?

வாட்ச்காரர்: என் மேசை மேலதான். கழுவி, துடைச்சு, ஒட்டி...

டீச்சர்: ஒட்டியா?

வாட்ச்காரர்: உடைஞ்சிருந்துதே.

டீச்சர்: உடைஞ்சுதான் இருக்கும். மண்ணுக்குள்ள கிடைச்சதை அப்படியே வைக்கணுங்க, ஒட்டக்கூடாது.

வாட்ச்காரர்: ஓடாத வாட்சை அப்படியே திருப்பிக் கொடுன்னு சொல்ற மாதிரி இருக்கு. பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியல. கை தானா போயிடுச்சு.

டீச்சர்: ஒட்டினதுல விரிசலாவது தெரியுதா?

வாட்ச்காரர்: என் வேலையில தெரியுமா? சீட்டுகூடக் கட்டி வச்சிருக்கேன், ஒவ்வொண்ணுக்கும்.

டீச்சர்: பரவாயில்லையே. சீட்டுல என்ன எழுதினீங்க?

வாட்ச்காரர்: தேதி. அளவு. "மேல்புறம் கீறல் உண்டு, வாடிக்கையாளர் அறிவார்."

டீச்சர்: எந்த வாடிக்கையாளர்?

வாட்ச்காரர்: பழக்க தோஷம்... சிரிக்காத. சிரிச்சா மூச்சு வாங்கப் போகுது.

டீச்சர்: வாங்கலை. இல்ல இல்ல, கொஞ்சம் வாங்குது. க்ஹும். ஏங்க, இந்த ஜனங்க ஜாடி, தொட்டி, பாட்டில்னு இவ்வளவு செஞ்சிருக்காங்களே, மூக்கு வச்ச கூஜா ஏதாவது செஞ்சிருப்பாங்களா?

வாட்ச்காரர்: கூஜாவா?

டீச்சர்: டீ ஊத்துற மாதிரி. நீலப் பூ போட்டு, தங்க விளிம்பு வச்சு... கூடவே அதே பூ போட்ட கப்பு, சாசர் எல்லாம்.

வாட்ச்காரர்: அது எங்க அக்கா கொடுத்ததாச்சே.

டீச்சர்: எது?

வாட்ச்காரர்: ...எது?

டீச்சர்: நீங்கதான் அக்கா கொடுத்ததுன்னீங்க.

வாட்ச்காரர்: அக்கா கொடுத்த செட்டு அந்த மாதிரி இருக்கும்னு சொல்ல வந்தேன்.

டீச்சர்: அதைத்தான் நானும் சொல்றேன். அந்த மாதிரி ஒண்ணு மண்ணுக்குள்ள இருக்கும்னு என் மனசுல படுது. இன்னும் கொஞ்சம் தோண்டிப் பாருங்களேன்.

வாட்ச்காரர்: அக்கா வந்தா முதல்ல அதைத்தான் தேடுவா.

டீச்சர்: மண்ணுக்குள்ள இருக்கிறதை அவங்க எதுக்குத் தேடணும்?

வாட்ச்காரர்: நீ என்னைக் குழப்புற. கிண்ணத்தை வை, நான் போறேன்.

டீச்சர்: இருங்க, இருங்க. ஒரு நல்ல சேதி வச்சிருக்கேன். என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி மியூசியத்துல இருக்கா, தெரியுமில்ல?

வாட்ச்காரர்: எனக்கு எப்படித் தெரியும்?

டீச்சர்: காலையில அவகிட்ட சொன்னேன்.

வாட்ச்காரர்: என்னத்தை?

டீச்சர்: உங்க புதையலைத்தான். துள்ளிக் குதிச்சுட்டா. இன்னிக்கு சாயங்காலம் வீடியோவுல கூப்பிடுறாளாம். நீங்க ஒவ்வொண்ணா காட்டினாப் போதும்.

வாட்ச்காரர்: எனக்கு சாயங்காலம் வேலை இருக்கு.

டீச்சர்: ஊரே கதவைச் சாத்திக்கிட்டுக் கிடக்கு. உங்களுக்கு என்ன வேலை?

வாட்ச்காரர்: சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கணும்.

டீச்சர்: கொடுத்துட்டு வாங்க. அவ காத்திருப்பா. பெரிய ஆபீசரையும் பக்கத்துல உக்கார வைக்கிறாளாம். உண்மைன்னு தெரிஞ்சா ஆளை அனுப்பிக் கொல்லையையே வளைச்சுக் கயிறு கட்டிடுவாங்களாம்.

வாட்ச்காரர்: கயிறா?

டீச்சர்: பேப்பர்லகூட உங்க போட்டோ வரும்.

வாட்ச்காரர்: வேண்டாம். அவளைக் கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லு.

டீச்சர்: ஏன்?

வாட்ச்காரர்: சொல்லேன்.

டீச்சர்: காரணம் சொல்லுங்க, சொல்றேன்.

வாட்ச்காரர்: அது நம்ம உப்பு ஜாடி.

டீச்சர்: என்ன சொன்னீங்க? சத்தமா. கதவு கனமா இருக்கு.

வாட்ச்காரர்: உப்பு ஜாடி. பாட்டில் உன் தலையெண்ணெய் பாட்டில். நேத்து கிடைச்சது மாவு ஜாடி. அதுக்கு முன்னாடி, ஜன்னல்ல செடி வச்சிருந்தியே, அந்தத் தொட்டி. செடியை வாளியில மாத்தி வச்சிருக்கேன், நல்லாத்தான் இருக்கு.

டீச்சர்: எல்லாமேவா?

வாட்ச்காரர்: முதல்ல கிடைச்சது நிஜம். குழாய்க்குத் தோண்டினப்போ ஒரு பழைய சோடா பாட்டிலும் நாலு ஓடும் நிஜமாவே வந்துது. மத்ததெல்லாம் டீ டிகாஷன்ல ஊற வச்சு நிறம் ஏத்தினது.

டீச்சர்: அதான் டீத்தூள் தீர்ந்துபோச்சா.

வாட்ச்காரர்: அன்னிக்கு உனக்கு ரொம்ப முடியல. நீ மூச்சை இழுக்கிறது இந்தப் பக்கம் கேட்டுது. கிண்ணத்தை வச்சுட்டு என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னேன். வாய்க்கு வந்ததுன்னு, கொல்லையில பாட்டில் கிடைச்சுதுன்னேன். நீ கேள்வி கேட்ட. பச்சையா நீலமா, அடியில எழுத்து இருக்கான்னு... கேட்டுக்கிட்டே முழுசாக் குடிச்சுட்ட.

டீச்சர்: ம்.

வாட்ச்காரர்: மறுநாள் தோண்டினேன். வெறும் மண்ணு. இன்னும் தோண்டினேன். ஒரு மண்புழு. வெறுங்கையோட இந்தக் கதவுகிட்ட எப்படி வர்றது? நீ மறுபடி சாப்பிடாம விட்டுட்டா... பயமா இருந்துதும்மா. ரொம்பப் பயந்துட்டேன்.

டீச்சர்: அதை இங்க நின்னு சொல்லியிருக்கலாமே.

வாட்ச்காரர்: அதெல்லாம் எனக்கு வராதே. ஜாடியை உடைக்கத்தான் வந்துது.

டீச்சர்: உடைக்கிறதுக்கு முன்னாடி ஜாடியைக் கையில வச்சுக்கிட்டு என்னமோ சொன்னீங்களே, என்ன அது?

வாட்ச்காரர்: மன்னிச்சுக்கோன்னு சொன்... இரு. அது உனக்கு எப்படித் தெரியும்?

டீச்சர்: பாத்ரூம் வென்டிலேட்டர் எந்தப் பக்கம் இருக்கு?

வாட்ச்காரர்: கொல்லைப் பக்கம்... ஐயோ. அது அவ்வளவு உயரமாச்சே.

டீச்சர்: பக்கெட்டைக் கவுத்துப் போட்டு ஏறினா சரியா இருக்கு. சாக்கை விரிச்சு, ஜாடியைத் துண்டுல சுத்தி, சுத்தியலால வலிக்காத மாதிரி ஒரு தட்டு. அப்புறம் நாலு பக்கமும் பார்த்துட்டுப் புதைக்கிறது. புதைச்ச கையோட தோண்டி எடுக்கிறது. அதை ஏன் புதைக்கணும்? நேரா கொண்டு வந்திருக்கலாமே.

வாட்ச்காரர்: மண்ணுல கிடைச்சுதுன்னு சொல்லணும்ல. பொய் சொல்லக்கூடாது.

டீச்சர்: ஐயோ, என்னால முடியல...

வாட்ச்காரர்: இந்த உடம்போட பக்கெட் மேல ஏறினியா? வழுக்கி விழுந்திருந்தா? கதவை உடைச்சுக்கிட்டுத்தான் வரணும் நான்.

டீச்சர்: உடைச்சுட்டு ஒட்டிடுவீங்க.

வாட்ச்காரர்: விளையாடாத. அந்த மியூசியம் பொண்ணுக்கு முதல்ல போன் போடு.

டீச்சர்: அப்படி ஒரு பொண்ணே கிடையாது.

வாட்ச்காரர்: என்ன?

டீச்சர்: எனக்குப் பிடிக்காத அந்த அக்கா செட்டை மட்டும் உடைக்க மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சீங்க. அதான் கொஞ்சம் பயமுறுத்தினேன்.

வாட்ச்காரர்: தெரிஞ்சுக்கிட்டேதான் இவ்வளவு கேள்வி கேட்டியா? ஆழம் என்ன, கோடு என்ன, மரை இருக்கான்னு...

டீச்சர்: ஆமா.

வாட்ச்காரர்: நான் வேற நைட்டெல்லாம் முழிச்சு உன் ஆறாங்கிளாஸ் வரலாறு புஸ்தகத்தைப் படிச்சேன்.

டீச்சர்: தெரிஞ்சுது. கழுவுற தொட்டியை மொகஞ்சதாரோ மாதிரி "பெருங்குளம்"னு சொன்னப்பவே தெரிஞ்சுது.

வாட்ச்காரர்: போதும். இனிமே உடைக்க ஒண்ணும் இல்ல, டம்ளர்தான் மிச்சம். எப்போ வெளிய வரலாம்னு டாக்டரைக் கேளு. தனியா உக்காந்து சாப்பிட்டா எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது.

டீச்சர்: கிண்ணத்தை ஸ்டூல்ல வச்சிடட்டுமா?

வாட்ச்காரர்: ஏன் பேச்சை மாத்துற? மறுபடி மூச்சு வாங்குதா?

டீச்சர்: இல்லை.

வாட்ச்காரர்: அப்போ கேளேன். என்ன சொல்வார்?

டீச்சர்: போன வாரமே வெளிய வரலாம்னு சொல்லிட்டாருங்க... கல்யாணம் ஆனதுல இருந்து நீங்க என்கிட்ட இவ்வளவு பேசினதே இல்லை. கதவைத் திறந்தா நிறுத்திடுவீங்களோன்னுதான் உள்ளயே உக்காந்துட்டேன்.