தண்ணி ஏறாத காணி

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், பூர்வீகக் குடிகள் பாதுகாப்புப் பேரவையின் தாபகத் தலைவரும், ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க முகாமையாளரும், அகில இலங்கைச் சமாதான நீதவானுமாகிய இளையதம்பி என்னும் நான், இன்று காலை முகச்சவரம் செய்து, வெள்ளைச் சேட்டு அணிந்து, எவரும் அழைக்காமலே பொலிஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன்.

இப்படித்தான் எழுதச் சொன்னேன். சார்ஜன்ட் பேனையை நிறுத்திவிட்டு, "ஐயா, முதல்ல கதிரையில இருங்க. என்ன நடந்ததெண்டு சொல்லுங்க, போதும்" என்றார். நல்ல பிள்ளை. தன்னாமுனைப் பக்கமாம். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், பழுகாமத்துக்கு அப்பால், தண்ணீரோரம் இருக்கிறது. ஊர் என்று பழக்கத்தில் சொல்கிறேன். பாதி வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. மலையில் மண் சரிந்து தேயிலைத் தோட்டத்து லயங்கள் புதைந்துபோன பிறகு, அங்கிருந்த சில குடும்பங்களை ஓர் அரசியல் பிரமுகர் பஸ்சில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாவிக்கரையில் இறக்கினார். மேளம் அடித்தார்கள். மாலை போட்டார்கள். ஆளுக்கொரு தகரக் கொட்டில் கொடுத்தார்கள். அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் பிரமுகரின் ஆள் வெல்வதற்கு எத்தனை வாக்குக் குறைகிறதோ, ஏறத்தாழ அத்தனை வாக்கு அந்த பஸ்சில் இருந்தது.

அதை எதிர்க்கத்தான் பேரவை தொடங்கினோம். வந்தவர்களும் தமிழர்கள், எங்களைப் போலவே மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள்; ஆகையால் பதாகையில் என்ன எழுதுவது என்பதில் சிறிது சிரமம் இருந்தது. கடைசியில் "எமது மண் எமக்கே" என்று பொதுவாக எழுதினோம். ஒரு பிடி மண்ணும் விடமாட்டோம் என்று செயலாளர் ரதீஸ் டோஹாவிலிருந்து குரல்பதிவு அனுப்பினான். பொருளாளர் சுவிஸிலிருந்து கைதட்டும் படம் போட்டார். ஊர்வலத்தன்று பதாகையின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வராததால், அதைப் பள்ளிக்கூட வேலியில் கட்டிவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். வெயில் கடுமை. கொட்டிலொன்றிலிருந்து ஒரு பெண் செம்போடு வந்தாள்.

"இந்தத் தண்ணியக் குடிங்க ஐயா. பாவம், தனியா நிக்கிறீங்க."

அவள்தான் சிவபாக்கியம். பதாகையை வாசித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

அவளுடைய கணவர் மருதமுத்து. மண்சரிவில் முதுகு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர். வந்தேறிகளின் நடமாட்டத்தை அவதானிப்பது தலைவரின் கடமை என்பதால், அதன்பிறகு பின்னேரங்களில் அவர்களுடைய கொட்டிலுக்குப் போய்வந்தேன். அவதானிப்பு முறையாக நடக்க வேண்டுமானால் ரொட்டியும் சம்பலும் சாப்பிட வேண்டும். மருதமுத்துவோடு டாம் பலகையில் காய் நகர்த்த வேண்டும். "என்னா தலைவரே, இன்னிக்கும் எங்கள வெரட்டத்தான் வந்தீங்களா?" என்று படுத்தபடியே கேட்பார்.

"ஓம். உன்ட காயெல்லாத்தையும் வெட்டிப்போட்டுத்தான் கலைப்பன்."

அவர் சிரித்தால் தகரம் அதிரும். என் மனைவி இறந்த பிறகு, நான் சொன்னதற்குச் சிரித்த ஆள் வேறு இல்லை. இதை வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டியதில்லை.

கொட்டில்கள் நின்ற அந்தக் காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் எங்களில் எவரும் வீடு கட்டியதில்லை. கோடையில் மாடு கட்டுவோம். மாரியில் முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடக்கும்போது, கடலுக்குப் போக வழியில்லாத வாவி மெல்ல ஏறி அங்கேதான் வந்து படுக்கும். மழை விட்ட பிறகும் ஏறும். ஊரில் பிறந்த எவருக்கும் இது தெரியும். வந்தவர்களோ, மேலேயிருந்து மண் வருவதைக் கண்டவர்கள். கீழேயிருந்து தண்ணீர் வருவதைக் கண்டதில்லை.

ஐப்பசியில் ஒருநாள் சிவபாக்கியம் என்னைக் கேட்டாள். "ஐயா, நீங்க இந்த ஊருக்காரங்க. உண்மையச் சொல்லுங்க. இங்க தண்ணி ஏறுமா? மண்டூர்ப் பக்கம் மேட்டுக்காணி தர்றாங்களாம். இவர வச்சிக்கிட்டு எனக்குப் பயமா இருக்கு."

மருதமுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறாது புள்ள. பயப்பிடாம இருங்க" என்றேன்.

என் கணக்கு நிதானமானது. தாங்களாகப் போனால் பிரமுகர் வேறு ஆட்களைக் கொண்டுவருவார். தண்ணீர் கலைத்தால், பிறகு எவரும் வரத் துணியமாட்டார்கள். நான் கல் எறியவில்லை, தீ வைக்கவில்லை. வாவியை அதன் வேலையைச் செய்ய விட்டேன். இதைவிட நாகரிகமான போராட்டம் இந்த மாவட்டத்தில் நடந்ததாக எனக்குத் தெரியாது.

மார்கழியில் தண்ணீர் வந்தது. அன்று காலை சிவபாக்கியம் மருந்தெடுக்க அக்கரைக்குப் போயிருந்தாள். மத்தியானம் வெள்ளத்தால் படகை நிறுத்திவிட்டார்கள். "ஐயா, அவரக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று போனில் சொன்னாள். "ஓம், நான் பாக்கிறன்" என்றேன். மற்றக் குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் என்னைக் கண்டு நின்றார்கள். "மருதமுத்தண்ணனத் தூக்கணுமே, ரெண்டு பேரு வரவா?"

"நீங்க போங்க. நான் தோணியில ஏத்திக்கிட்டு வாறன்."

சமாதான நீதவானின் சொல். நம்பிப் போனார்கள்.

தோணியை அவர்களுடைய வேலிவரை கொண்டுபோனேன். தண்ணீர் தொடைமட்டும் நின்றது. உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். "தலைவரே, வந்துட்டீங்களா?" குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று யோசித்தபடி வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடைகளில் எனக்கு வசனத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அன்று ஒன்றும் அகப்படவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை.

நல்ல வெளிச்சம் இருந்தது. தோணியில் ஓட்டை ஏதும் இல்லை.

மருதமுத்துவின் சாவை வெள்ள அனர்த்தம் என்று முடித்துவிட்டார்கள். பிரமுகர் மலர்வளையத்தோடு வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். மற்றவர்கள் லொறியில் மண்டூர்ப் பக்கம் போய்விட்டார்கள். ஏறுவதற்கு முன் சிவபாக்கியம் என் கையைப் பிடித்து, "உங்களால ஆனத நீங்க செஞ்சீங்க ஐயா" என்றாள். கொட்டில்கள் காலி. பேரவையின் கோரிக்கை நிறைவேறியது. ரதீஸ் வாணவெடிப் படம் அனுப்பியிருந்தான்.

சார்ஜன்ட் எழுதியதை மேலிருந்து ஒருதரம் வாசித்தார். பிறகு, "எனக்கு ஒண்டு விளங்கல்ல ஐயா. அவங்க போகணுமெண்டுதானே கொடி புடிச்சீங்க? தண்ணி ஏறுமெண்டு சொல்லியிருந்தா அண்டைக்கே போயிருப்பாங்களே. ஏன் சொல்லல்ல?" என்று கேட்டார்.

பிரமுகர் வேறு ஆட்களைக் கொண்டுவருவார் என்ற கணக்கை மறுபடி விளக்கத் தொடங்கினேன். அவர் எழுதவில்லை, பேனையை மூடிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே எழுத வேண்டியதைச் சொன்னேன்.

அவர்கள் போவது எனக்கு விருப்பமில்லை.