கல்லுக்கு வெல்லம்

ஜப்பான்காரன் காலத்தில் அரிசியைவிட சோப்புக்குத்தான் நான் அதிகம் ஏங்கினேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். மரவள்ளிக் கிழங்கைத் தின்று எப்படியோ வயிற்றை நிரப்பிவிடலாம். உடம்பில் ஏறிய நாற்றத்தை எதைக் கொண்டு போக்குவது? அதனால் எங்கள் ரப்பர் தோட்டத்தில் சோப்புப் பட்டறை வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் மற்ற எல்லோரையும்விட எனக்குத்தான் சந்தோஷம். கெட்ட எண்ணத்தோடு நான் எதையும் தொடங்கவில்லை, அய்யா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது யார் என்று விசாரிக்கிறீர்கள். சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் கூலிகளை மேய்க்கும் மண்டோர்கள் சிலர் அதைச் செய்தார்கள். நானும் மண்டோர்தான், ஆனால் நான் செய்யவில்லை. முதல் லாரி வந்தபோது சோல்ஜர்களே லயத்துக்குள் புகுந்து இழுத்துக்கொண்டு போனார்கள். லயத்தில் இருந்த ராக்காயியின் புருஷன் அப்படிப் போனவன்தான், திரும்பவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. பரஞ்சோதி மண்டோர்தான் காப்பாற்றினார் என்று எனக்காகச் சாட்சி சொல்ல ராக்காயி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு மூச்சு இழுக்கும் சத்தம் இங்கேவரை கேட்கிறது. நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கூடம் ஒன்று சும்மா கிடந்தது. ஜன்னல் கிடையாது, ஒரே கதவு. மலையடிவாரத்திலிருந்து வெள்ளைக்கல் வரும். அதை நெருப்பில் காய்ச்சி, உடைத்து, உலக்கையால் மாவாக இடித்து, துணியில் சலிக்க வேண்டும். அந்த மாவைச் சாம்பல் காரத்தோடும் தேங்காய் எண்ணெயோடும் சேர்த்தால் கிரீஸ் கறையைத் தேய்த்துக் கழுவும் சோப்பு. எல்லாம் ராணுவப் பட்டறைகளுக்குப் போனது.

நல்ல கல் அது. கண்ணாடி செய்வதும் அந்தச் சாதிக் கல்லில்தான். கத்தியால் கீறினால் கத்திதான் மழுங்கும். அடுப்பு நெருப்புக்கு உருகாது. தண்ணீரில் கரையாது. திராவகம் ஊற்றினாலும் அசையாது. மண்ணுக்குள் எத்தனை காலம் கிடந்தாலும் மக்காது.

பட்டறையில் வேலை என்றால் சயாம் லாரி தொடாது. அதனால் இடம் கேட்டு என் வீட்டு வாசலில் கூட்டம். ராக்காயி தன் தம்பி இருளப்பனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"அண்ணே, எம் புருஷன்தான் போயிட்டாரு. இவனையாவது இங்கேயே வச்சிக்குங்கண்ணே. நானும் வரேன், எந்த வேலைன்னாலும் செய்றேன்."

இருவரையும் சேர்த்துக்கொண்டேன். அவள் என் காலில் விழுந்தாள். நான் தூக்கிவிட்டேன். பெரிய மனுஷனாக இருப்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இடிக்கும்போது கூடமே வெள்ளையாகிவிடும். சாயங்காலம் வெளியே வந்தால் யார் யாரென்று குரலை வைத்துத்தான் தெரியும். என்மேல் மட்டும் வெள்ளை படியாது, நான் வாசலில் காற்றடிக்கும் பக்கம் மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பவன். மூக்கில் பீனிச நோய் என்று சொல்லி வைத்திருந்தேன். மற்றவர்களுக்கு வெல்லம் கொடுத்தேன். பக்கத்து மலாய்க் கிராமத்தில் சோப்புத் துண்டைக் கொடுத்துத் தென்னை வெல்லம் வாங்கி வருவேன். வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு உருண்டை. வெல்லம் தின்றால் தூசி வயிற்றுக்கு இறங்கி வெளியே போய்விடும் என்று நம் ஆட்களுக்குக் காலங்காலமாக நம்பிக்கை. சர்க்கரையே கண்ணில் படாத காலம். எந்த மண்டோர் இப்படிச் செய்வான் என்று பேசிக்கொண்டார்கள்.

இருளப்பன்தான் கேட்டான். "மண்டோரண்ணே, பின்னாடிதான் ஓடை ஓடுதே. கல்ல நனைச்சுப் போட்டு இடிச்சா இப்படிப் பறக்காதுல்ல?"

கேட்டதோடு நிற்காமல் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியும் விட்டான். தூசி அப்படியே அடங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். நான் வாளியைப் பிடுங்கி எறிந்தேன். "சயாம் லாரி இன்னும் ஓடிக்கிட்டுத்தாண்டா இருக்கு," என்றேன். அதற்குப் பிறகு அவன் தண்ணீர்ப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கெல்லாம் அவனால் படிக்கட்டு ஏற முடியவில்லை. பிறகு படுக்க முடியவில்லை. தூணில் சாய்ந்தபடி உட்கார்ந்தே தூங்கினான். உட்கார்ந்தபடியே செத்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் காசநோய் என்றார். நான் தலையாட்டினேன்.

அது காசநோய் இல்லை. எனக்கு அந்த இருமலைத் தெரியும். என் அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறையில் துளை போட்டவர். அவரும் தூணில் சாய்ந்துதான் செத்தார். அம்மா அவருக்குத் தினமும் வெல்லம் கொடுத்தாள், கடைசி நாள்வரை கொடுத்தாள். ஒன்றும் இறங்கவில்லை. தண்ணீரில் கரையாத கல் நெஞ்சுக்குள் மட்டும் எப்படிக் கரையும்? அவர் போன பிறகுதான் அவர் வேலை பார்த்த சுரங்கக் குழியில் தண்ணீர் விட்டுத் துளை போட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் மலாயாவுக்குக் கப்பலேறினேன்.

ஆகவே பட்டறை தொடங்கிய அன்றே எனக்குத் தெரியும், அய்யா. வெல்லம் எதற்கும் ஆகாது என்பதும் தெரியும். அவர்கள் கேள்வி கேட்காமல் இருக்கத்தான் அது ஆயிற்று.

ஈரத்தில் இடித்தால் மாவு சேறாகிவிடும், காயவைக்க வேண்டும், மழைக்காலத்தில் காயாது, மூட்டை குறையும். மூட்டை குறைந்தால் பட்டறையை மூடிவிடுவார்கள், எல்லோரும் சயாமுக்குப் போக வேண்டியதுதான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடமும் அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் இன்று காலை சட்டை மாட்டினேன். ஆனால் அது பொய். மொரிதா என்று ஒரு ஜப்பான்காரன் பட்டறையைப் பார்க்க வருவான். இரண்டாம் மாதமே அவன் இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்து, ஓடையைக் காட்டி, "பாக்கே ஆயெர் லா," என்றான். தண்ணீரை உபயோகி என்று அவனே சொன்னான். மூட்டை குறைந்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். பரவாயில்லை என்று கையசைத்தான்.

நான்தான் "தா பாயா, துவான்," என்றேன். வேண்டாம் என்றேன். ஜப்பான்காரன் கேட்ட கணக்குக்கு மேல் போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் மண்டோருக்குத் தனியாக அரிசி உண்டு. என் வீட்டில் ஒருநாளும் கிழங்கு வேகவில்லை. முதலில் கிழங்கு தின்று பிழைத்ததாகச் சொன்னேனே, அதுவும் பொய்தான்.

அந்தக் கூடத்தில் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மிச்சம் இருப்பவர்களில் மூச்சிரைக்காமல் நடப்பவன் நான் ஒருவன்தான். அவர்களைக் கொன்றது நான். லாரியில் ஏற்றியிருந்தாலாவது யாராவது என் முகத்தில் காறித் துப்பியிருப்பார்கள். இப்போது மாலை போடுகிறார்கள்.

என்ன தண்டனையானாலும் கொடுங்கள், அய்யா. ஒன்றே ஒன்று. இதை ராக்காயியிடம் சொல்லிவிடாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை, அவள் மனசு தாங்காது. நான் வெளியே வந்ததும் அவள் வழக்கம்போலக் கையை நீட்டுவாள். சட்டைப்பையில் அவளுக்கு ஒரு வெல்ல உருண்டை வைத்திருக்கிறேன்.