ஒவ்வாத மருந்து: இல்லை

"காலியா இருந்தா இல்லைன்னுதானே அர்த்தம்?"

"அது எப்படிக்கா? யாரும் கேக்காமயே விட்டிருக்கலாமே. எங்க உம்மாவுக்கு..."

"உங்க உம்மாவுக்காக ஒரு சாஃப்ட்வேர் எழுத முடியாது சபிஹா."

"பென்சிலின் போட்டா மூச்சு நின்னுடும்க்கா. அந்த இடம் காலியா வந்தா, வார்டுல இல்லைன்னு காட்டுவீங்களா?"

எந்த ஆபீசிலும் நடக்கிற வாக்குவாதம்தான் சார். அன்று திருவாரூரில் கரண்ட் வேறு இல்லை. எனக்கும் சபிஹாவுக்கும் புழுக்கம்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். மருத்துவமனைக்கு நாங்கள் எழுதிய ப்ரோகிராமில் 'நோயாளி' என்று ஒரு கிளாஸ், அச்சடித்த படிவம் மாதிரி. பெயர், வயது, ரத்த வகை, ஒவ்வாத மருந்து எல்லாம் அதன் ப்ராப்பர்ட்டிகள், அதாவது நிரப்ப வேண்டிய கட்டங்கள். பதிவுக் கவுண்டரில் தட்டுவதை எக்ஸ்எம்எல் என்ற எழுத்துக் கோப்பாக மாற்றி வார்டுக்கு அனுப்புவோம். ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் ஒரு டேக், பெயர்ச்சீட்டு மாதிரி. வார்டுக் கம்ப்யூட்டர் அந்த டேகுகளைப் படித்து நோயாளியை மறுபடி உருவாக்கிக்கொள்ளும். டேக் வராவிட்டால் 'இல்லை' என்று நிரப்புவது என் விதி. 'தெரியாது, கேட்கவும்' என்று காட்ட வேண்டும் என்றாள் சபிஹா.

முதலாளி லியாகத் அலி இரண்டையும் கேட்டார். "சின்னப் பொண்ணு சொல்றதுதான் சரி கனிமொழி. அவகிட்ட கேட்டு மாத்திடுங்க" என்றார்.

அவளிடம் கேட்டு. அவளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவள் நான். மாற்றினேன். கோபமெல்லாம் இல்லை.

பிறகு ஒருநாள் லீவு கேட்டு வந்தாள். உம்மாவுக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன். எங்கள் சாஃப்ட்வேர் ஓடுகிற அதே மருத்துவமனை. "தைரியமாப் போயிட்டு வா" என்று அனுப்பிவைத்தேன். அவள் கிளம்பியதும், எனக்குத் தெரிந்த பாஸ்வேர்டைப் போட்டு அவளுடைய லாகினில் நுழைந்தேன். கவுண்டர் பக்கத்தில், ஒவ்வாத மருந்தை எக்ஸ்எம்எல்லில் எழுதாதே என்று ஒரு வரி சேர்த்தேன். வார்டு பக்கத்தில் மறுபடி என் பழைய விதி: டேக் வராவிட்டால் 'இல்லை'. கிளாஸில் அந்த ப்ராப்பர்ட்டி அப்படியேதான் இருந்தது சார். நான் எதையும் அழிக்கவில்லை. அந்த வாரம் வேறு யார் யார் அங்கே சேர்ந்தார்கள் என்று கேட்டீர்கள். அதை நான் பார்க்கவில்லை.

மறுநாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். சபிஹாவின் உம்மா சைத்தூன் பீவி நல்ல மனுஷி. கீழ்வேளூரில் அவர் வீட்டுப் பெருநாள் பிரியாணியை நான் தவறவிட்டதே இல்லை. "வாம்மா கனி, நீ வந்ததுலயே பாதி சொகமாயிடுச்சு" என்று கட்டிலில் இடம் ஒதுக்கினார்.

நர்ஸ் வந்தாள். "அம்மாவுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"

சபிஹா சிரித்தாள். "கவுண்டர்லயே சொல்லிட்டேன் சிஸ்டர், டைப் பண்றதையும் பார்த்தேன். உங்க ஸ்கிரீன்ல வந்துடும். நாங்க எழுதினதுதான் அது."

வாயால் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். தான் எழுதியதன்மேல் அவ்வளவு நம்பிக்கை. நர்ஸ் போய்த் திரையைப் பார்த்துவிட்டு பென்சிலின் ஊசியோடு திரும்பினாள். சைத்தூன் பீவிக்கு ஊசி என்றால் பயம். கையை இழுத்துக்கொண்டார். அசையாமல் இருக்க நான்தான் பிடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா இறந்த ஏழாம் நாள், பாத்திஹா ஓதும் சடங்குக்கும் போனேன். சபிஹா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். "என் லாகின்லதான் மாறியிருக்காம்க்கா. எப்ப எழுதினேன்னு ஞாபகமே வரலையே."

"லீவு அவசரத்துல கை தவறியிருக்கும்" என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்வி.

மாற்றம் நடந்தது என் மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. தெரிந்துதான் செய்தேன். அந்த அம்மா பிழைக்க மாட்டார் என்பதும் தெரியும். தன் கையால் ஒரு தப்பு நடந்தால் எப்படி வலிக்கும் என்று சபிஹா ஒருமுறை பார்த்தாக வேண்டும். கெட்டிக்காரி, இனிமேல் கவனமாக இருப்பாள்.

"சபிஹா ஸ்டேஷன் வெளிய பெஞ்சுலதான் இருக்காளாமே சார். உள்ள கூப்பிடுங்க, நான் சொன்னா ரெண்டு வாய் சாப்பிடுவா."