ஆணையை ஒரு நிமிடம் நிறுத்திய அம்மையாருக்கு

அலைகடல் அளந்த அறிவுச்சுடரே! வல்லரசுகள் இரண்டு வரிந்துகட்டி வளர்ந்த காலத்தில் வாடாது எங்களை வழிநடத்திய பெருந்தகையே! தங்கள் முதுகுக்குப் பின்னால் "ஒரு நிமிஷம் அம்மா" என்று நாங்கள் அழைத்துவந்த துணை இயக்குநரே! தங்கள் பணிநிறைவு விழாவில் எங்கள் வணக்கம்.

வடக்கே ஒரு வல்லரசு, கிழக்கே இன்னொன்று. நடுவில் இருக்கும் நமக்கு மத்தளம்போல இரண்டு பக்கமும் இடி. எந்தக் கப்பல் நகர்கிறது, எந்த ஒப்பந்தம் முறிகிறது என்று ஜன்னலில்லாக் கண்காணிப்பு அறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கண் துஞ்சாது காத்தீர்கள்! தங்கள் சிவப்பு மை படாத அறிக்கை ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அந்தப் பக்கங்களைப் பார்த்து எங்களில் மூவர் கழிவறையில் போய் அழுததும் உண்டு. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது!

நாள்தோறும் காலை பத்து மணிக்கு வடக்கு நாட்டுக் கண்காணிப்பு அறையைத் தொலைபேசியில் அழைத்து, "கேக்குதா?" என்பீர்கள். "கேக்குது" என்று பதில் வரும். அவ்வளவுதான். நம் அரசும் வடக்கு அரசும் முறைத்துக்கொண்டபோது, இந்த வெட்டி வேலை எதற்கு என்று மேலிடம் கேட்டது. "பேச்சு நின்னுபோன வீட்டுக்கும் வாசல் வேணும் சார்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் அழைத்தீர்கள்.

எட்டாண்டுகளுக்கு முன் ஒரு முற்பகல். வடக்கின் போர்க்கப்பல்கள் பதினான்கு ஒரே நேரத்தில் துறைமுகம் நீங்கி நம் நீரிணையை நோக்கி வந்தன. எதிரே நம் ரோந்துக் கப்பல்கள் நான்கே நான்கு. பீரங்கிகளை ஆயத்தப்படுத்தும் ஆணை இயக்குநரின் மேசைக்கு வந்துவிட்டது. அது போனால் அவர்களும் ஆயத்தமாவார்கள். பிறகு ஒருவன் கை தவறினால் போதும், போர்தான். இயக்குநர் பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றீர்கள். "சண்டைக்குப் போறவங்க எண்ணெயும் மருத்துவக் குழுவும் ஏத்தாமலா போவாங்க?"

"அப்புறம் எதுக்கும்மா கிளம்பினாங்க?"

"புயலுக்குப் பயந்து சார். துறைமுகத்துலயே நின்னா சுவர்ல மோதி நொறுங்கிடும்."

நாங்கள் திருதிருவென விழித்தோம். பகைவனின் எண்ணெய்க் கையிருப்பு வரை தெரிந்த எங்களுக்கு, புயல் வருவது தெரியாது! வானிலை அறிக்கை எங்கள் அறைக்கு வருவதே இல்லை. ஊழியர்களுக்கு விடுமுறை விடலாமா என்று பார்ப்பதற்காக, கீழ்த்தளத்து நிர்வாகப் பிரிவுக்குப் போகும். தினமும் படியிறங்கிப் போய் அதையும் படித்துவந்தவர் தாங்கள் ஒருவரே.

தொலைபேசியை எடுத்தீர்கள். எதிர்முனையில் பழகிய குரல்: "நல்லவேளை கூப்பிட்டீங்கம்மா! காத்துக்குப் பயந்து ஓடிட்டிருக்கோம். உங்க படகையெல்லாம் உள்ள இழுத்துக்கோங்க!"

இயக்குநர் பேனாவை மூடினார். அன்று மாலை புயல் இரு கரைகளையும் புரட்டிப் போட்டது. ஆனால் ஒரு குண்டும் வெடிக்கவில்லை! படை திரட்டாமல் வென்ற பெருமாட்டியே, இதைவிடப் பெரிய வெற்றியை எந்தத் தளபதி கண்டான்!

பொது மடலில் "நான்" வரக் கூடாதுதான், ஒருமுறை பொறுத்தருளுங்கள். அந்த ஆணையைத் தட்டச்சு செய்தவன் நான். நம் முதல் ரோந்துக் கப்பலில் பீரங்கியருகே நின்றவன் என் தம்பி. அது தெரிந்தேதான் தட்டச்சு செய்தேன். கடமை என்று நினைத்து வாய் திறக்கவில்லை. தாங்கள் திறந்தீர்கள். அவனுக்கு அதற்குப் பிறகு கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். நால்வரும் இதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அம்மா.

நோய்நொடி அண்டாது, நூறாண்டு கடந்து, நிறைவாய் வாழ்வீர்களாக!

என்றும் நன்றியுடன்,
கண்காணிப்பு அறை ஊழியர்கள்