‘பார்த்தவர்’ என்றொரு கட்டம்

பெயரில்லாப் பணியைப் பொறுக்காதவரே! பச்சைக் குறி கண்டு மயங்காதவரே! பத்தொன்பது மலைக்குடில்களையும் பதினோராயிரம் உறுப்பினர்களையும் இருபத்தேழு ஆண்டுகள் இமைபோல் காத்தவரே! எங்கள் மலைநடைச் சங்கத்தின் அலுவலக ஒருங்கிணைப்பாளர், அன்புக்குரிய தூர்ஹில்ட் மோபெக் அவர்களே!

ஓய்வு பெறும் உங்களை வழியனுப்பும் இம்மடலை எழுதும் பணி ஆறு வாரங்களுக்கு முன்பே சங்க மென்பொருளில் ஏறிவிட்டது. பொறுப்பாளர் என்ற இடத்தில் ‘அனைவரும்’ என்று இருந்தது. ஐந்து வாரம் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. உங்கள் கண்ணில் படாமல் அதை மறைத்து வைத்திருந்தோம். பட்டிருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

“அனைவரும்னா யாரு? அவரோட மேசை எது?”

அட்டைப் பெட்டிகளில் உறுப்பினர் பெயர்களை அடுக்கிவைத்த காலத்தில் வந்தீர்கள். மென்பொருள் வந்தபோது எங்களில் பாதிப் பேர் முணுமுணுத்தோம், நீங்கள் முணுமுணுக்கவில்லை. திங்கட்கிழமை காலை வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் மேசைக்கு வரும். சுவர்த்திரையில் அந்த வாரத்துப் பணிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர். அந்த ஆளைக் கேட்காமல் அவர் பெயரை நீங்கள் ஒருநாளும் போட்டதில்லை.

உங்கள் சிறப்புகளைச் சொல்லும் இடத்தில் உங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை மறைத்தால் முதலில் கோபப்படுபவர் நீங்கள்தான்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஈஸ்டருக்கு முந்திய வாரம். முந்தைய ஆண்டின் ஈஸ்டர் திட்டத்தை நகலெடுத்துப் புதிய ஆண்டுக்கு வைத்தீர்கள். பணிகளோடு பழைய ‘முடிந்தது’ குறிகளும் சேர்ந்து வந்துவிட்டன. திரை முழுக்கப் பச்சை.

“பாத்தீங்களா, இந்த வருஷம் முன்னாடியே முடிச்சுட்டோம்!” என்று குடில் பராமரிப்பாளர் எஸ்கில் இன்னொரு வாஃபிளை எடுத்துக்கொண்டார். யாரோ செய்துவிட்டார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம்.

வியாழக்கிழமை லாங்ஹெய் மலையடியிலிருந்து ஓட்லைவ் கூப்பிட்டார். மேலே உள்ள குடிலைத் தொண்டாகப் பார்த்துக்கொள்பவர். மனைவி இறந்தபின் தனியாக இருப்பவர்.

“குடில்ல ஒரு கை விறகுதான் கெடக்கு. நாளைக்கு ஆளுங்க வர்றாங்களாமே?”

வருவதாகத்தான் இருந்தது. எட்டு மாதக் குழந்தையைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு ஒரு குடும்பம். மேலே குளிர் சுழியத்துக்குக் கீழ் பதினெட்டு.

மறுநாள் காலை நீங்களும் எஸ்கிலும் போனீர்கள். ஓட்லைவின் பனிவண்டியில் மூன்று நடை. அந்தக் குடும்பம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் விறகு அடுக்கி முடிந்தது. குடில் ஏட்டில் அவர்கள் எழுதியிருந்தது: ‘உலர்ந்த விறகு. நன்றி.’ வேறொன்றும் அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த திங்களன்று மென்பொருளில் உங்கள் கையாலேயே பதிந்தீர்கள்: ‘பழைய குறிகளை நீக்காமல் நகலெடுத்தது நான். தூர்ஹில்ட்.’ பொதுச்செயலர் ராக்னாவுக்கு அது உறுத்தியது.

“இது இருக்கணுமா? எடுத்துடலாமே, தூர்ஹில்ட்.”

“எடுத்தா அடுத்த வருஷம் இதே தப்ப வேற ஒருத்தர் புதுசா பண்ணுவாங்க.”

அந்த வரி இன்றும் இருக்கிறது. அதன் பிறகுதான் திரையில் ஒரு புதிய கட்டம் வந்தது: ‘பார்த்தவர்’. செய்தவர் பெயர் போதாது. கண்ணால் பார்த்தவர் பெயரும் வேண்டும்.

இனி, இந்த மாதம் நடந்தது.

பணியாளர் ஒருவரின் பெயரில் ஒரு பணி திறந்திருந்தாலும் மென்பொருள் அவர் கணக்கை மூட விடாது. உங்கள் பெயரில் அறுபத்து நான்கு இருந்தன. ஒவ்வொருவர் மேசைக்கும் வந்து, கேட்டு, அறுபத்து மூன்றைக் கைமாற்றினீர்கள். மிஞ்சியது ஒன்று: ‘ஓட்லைவிடம் விறகு விசாரித்தல். செவ்வாய்தோறும் காலை பத்து.’

“ஜூலைலயுமா விறகு கேட்டீங்க?” என்று எஸ்கில் சிரித்தார்.

“இப்பதான் குடிலோட விறகுக் கொட்டகையில எடை பாக்குற கருவி இருக்கே. எவ்வளவு விறகுன்னு அதுவே சொல்லிடும். முடிஞ்சுதுன்னு போட்டுடலாம்” என்றார் ராக்னா. “பேசணும்னா வீட்லேருந்து நீங்க பேசுங்களேன்.”

“பேசுவேன். நான் பேசினா அது தெரிஞ்சவ பேசுறது. சங்கம் கேட்டாத்தான் அவர் பூட்ஸ மாட்டிக்கிட்டு மேல போவார்.”

அதற்குமேல் நீங்கள் வாதாடவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. அடுத்த பொறுப்பாளர் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு உங்கள் கோப்பையைக் கழுவப் போனீர்கள். அந்த வரி சிவப்பாகக் கிடந்தது.

உறுப்பினர் பதிவுகளைப் பார்க்கும் இங்குனை உங்களுக்குத் தெரியும். நிலவியல் படித்தவள். அலுவலகத் தொலைபேசி அடித்தால் தண்ணீர் குடிக்க எழுந்துபோய்விடுவாள். அந்தச் சிவப்பு வரியை அவள் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். கருவி காட்டும் அளவு சரிதான். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. விறகைப் பற்றி மட்டும் என்றால் அந்தப் பணி முடிந்ததுதான். ஆனால் விறகின் எடையை அளக்கும் கருவிக்கு, மேலே ஏறி வரும் ஓட்லைவ் தேவையில்லை.

செவ்வாய் பத்து மணிக்கு, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அவள் எண்களை அழுத்தினாள்.

“யாரு?”

“இங்குன். சங்கத்துலேருந்து. விறகு...”

“தூர்ஹில்ட் போறாங்கன்னு சொன்னாங்க. ஏதோ கருவி வெச்சிருக்கீங்களாமே, அது சொல்லலியா?”

இந்தக் கேள்வி தாளில் இல்லை.

“சொல்லுச்சு. நீங்க பாத்தீங்களா?”

அந்தப் பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“இந்த வாரம் போகல. நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வர்றேன். நீயே கூப்பிடு. மறந்துடாத.”

புதன் மாலை அவரே கூப்பிட்டுவிட்டார். விறகு போதுமாம், மேற்குச் சன்னலின் கொண்டி கழன்றிருக்கிறதாம். கருவி இதைச் சொல்லவில்லை. ராக்னா அந்தக் கொண்டியைப் புதிய பணியாக, எஸ்கிலைக் கேட்டு, அவர் பெயரில் பதிந்தார்.

தூர்ஹில்ட் அவர்களே! அறுபத்து நான்காவது பணி இப்போது இப்படி இருக்கிறது. செவ்வாய்தோறும் காலை பத்து. பொறுப்பாளர்: இங்குன். பார்த்தவர்: ஓட்லைவ். உங்கள் பெயரில் இனி ஒன்றும் இல்லை. இன்று நான்கு மணிக்குக் கணக்கை மூடலாம்.

நெடுநாள் நலமாய் நடங்கள். முழங்கால் நோகாமல், மூச்சு வாங்காமல், பல்லாண்டு பனியில் சறுக்குங்கள். வரும் ஈஸ்டருக்கு லாங்ஹெய்யில் ஒரு படுக்கை உங்கள் பெயரில் இருக்கும். விறகு இருக்கும். அதை ஒருவர் போய்ப் பார்த்திருப்பார்.

அன்புடன்,
ராக்னா, எஸ்கில், இங்குன்
மற்றும் சங்கப் பணியாளர்கள்

(இம்மடலின் பொறுப்பாளர்: இங்குன். பார்த்தவர்: எஸ்கில்.)