குளிர்ப்பெட்டியில் பன்னிரண்டு குச்சிகள்

உங்கள் காவல் அலுவலக வாசலில் நிற்கும் லார்ச் மரத்தை வெட்டப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வேண்டாம். அது சாகவில்லை. ஊசியிலை மரம்தான் என்றாலும் குளிர்காலத்தில் மொட்டையாகத்தான் நிற்கும். இன்னும் மூன்று வாரத்தில் துளிர்த்துவிடும்.

என் தோட்டத்தில் நாற்பத்தாறு வகை லார்ச் இருக்கிறது. என் கூட்டாளி வெர்லினிடம் நாற்பத்தொன்பது. இருபது வருஷமாக மினசோட்டாவின் சதுப்புகளில் இருவரும் ஒன்றாகத்தான் தேடுவோம். சில மரங்களின் உச்சியில் பறவைக்கூடு மாதிரி ஒரு கொத்து அடர்ந்திருக்கும். அதில் குச்சி எடுத்து ஒட்டுக் கட்டினால் முழங்கால் உயரத்தில் குட்டை மரம் கிடைக்கும். புது வகை. கண்டவர் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். வெர்லின் மூன்றுக்கு வைத்துவிட்டார், இரண்டு அவருடைய நாய்களின் பெயர். நான் ஒன்றுக்கும் வைத்ததில்லை.

பிப்ரவரியில் அந்தக் கொத்தை முதலில் பார்த்தது நான்.

"பாத்தது நீதான், ஒத்துக்கறேன். ஏறப்போறது யாரு, உன் முட்டியா?" என்று சிரித்தார் வெர்லின். "இந்தத் தடவை ஏறினவன் பேருதான், ஆர்டிஸ்."

"கண்ணாடியக் கழட்டிட்டு ஏறுறீங்களே, கிளை தெரியுமா?"

"அதுக்குத்தானே நீ கீழ நிக்கறே. சொல்லு மகராசி, அப்படியே கால் வைக்கறேன்."

உயிருள்ள கிளையில் மொட்டுகள் உருண்டையாக இருக்கும். செத்ததில் பட்டை உரிந்திருக்கும். என் தொலைநோக்கி நல்லது. ஒவ்வொரு கிளையாகச் சொன்னேன். கொத்தை அறுத்துப் போட்டுவிட்டு, "இப்ப எங்க கால் வைக்க?" என்றார். அதையும் சொன்னேன்.

விழுந்த பிறகும் தெளிவாகவே பேசினார். இடுப்பு போயிருந்தது. "ஆளக் கூட்டிட்டு வா, ஆர்டிஸ்."

வெட்டிய குச்சி சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் முதலில் நல்லதாகப் பன்னிரண்டு நறுக்கி, ஈரத் துணியில் சுற்றினேன். அவர் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார். வீடு முப்பது மைல். குளிர்ப்பெட்டியில் வைத்து, சீட்டு ஒட்டி, சூப் சுடவைத்துக் குடித்தேன். வெளியே நல்ல குளிர்.

கடைசியாகச் சொன்ன அந்தக் கிளை செத்தது என்று தெரிந்துதான் சொன்னேன். போன் என் கோட்டுப் பையிலேயே இருந்தது. யாரையும் அழைக்கவில்லை. பனி உருகிய பிறகு நீங்களே அவரைக் கண்டுபிடித்தீர்கள்.

பன்னிரண்டில் பதினொன்று ஒட்டிக்கொண்டது. ஊசியிலை மரச் சங்கத்துக்குப் பெயர்ப் பதிவு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். மரத்தின் பெயர் 'ஆர்டிஸ்'. கீழே, ஏறியவர் என்று வெர்லின் பெயரையும் போட்டிருக்கிறேன். எல்லோரும் அப்படிப் போட மாட்டார்கள்.