மிளகுக் களத்தில் மணவறை

— அப்போ, மணவறையை அந்தக் குடகுத் தோட்டத்து மிளகுக் களத்துலதான் போடுவேன்ற.

— ஆமாய்யா. மிளகு காய வைக்கிற களம்னாலும் சிமெண்டுத் தரை. பெருக்கித் தண்ணி தெளிச்சா மண்டபம் மாதிரி இருக்கும். கல்யாணத்தன்னிக்கு அதுல மிளகு கொட்ட மாட்டேன்னு தோட்டத்து மேஸ்திரி சொல்லிட்டாரு.

— மேஸ்திரி சொல்லிட்டாரு. பொண்ணைப் பெத்த அப்பன், இந்த மாதன் இன்னா சொல்றான்னு கேக்கத் தோணல உனக்கு.

— அதுக்குத்தானே உன் பொண்டாட்டி நானு குடகுலேர்ந்து பஸ்ஸு மாறி மாறி வந்து உன் எதிர்ல குந்திக்கினு இருக்கேன்.

— பொண்ணு பொறந்த வூட்டு வாசல்லதான் பந்தல் போடணும், பழனி. நம்ம மலையில, நம்ம கோயில் எதிர்ல.

— போடு. பந்தியில யாரைக் குந்த வைப்ப? உன் ஆட்டையா?

— ஊரு இருக்குது.

— எங்க இருக்குது? பாத்துக்கினுதான் வந்தேன். கண்ணாயிரம் வூடு பூட்டு. இருசப்பன் வூடு பூட்டு. ராசு வூட்டுக் கதவுல கறையான் ஏறிக் கெடக்குது. மாசியில ஊரே மிளகு பறிக்கப் போயிடுது. மாப்ள தமிழழகன், அவங்க அப்பா சின்னக்கண்ணு, ஒறமொறை எல்லாம் தோட்டத்துல கூலியாளுக்குக் கட்டுன லைன் வூட்டுலதான் கெடக்குது. நம்ம பொண்ணு வளர்மதியும் அங்கதான். ஒரு நாளு லீவுல அத்தினி சனமும் இங்க வந்து திரும்ப முடியுமா?

— பறிப்பு முடியட்டும். சித்திரையில வெச்சுக்கலாம்.

— சித்திரையில அவங்க செங்கல் சூளைக்குப் போயிடுவாங்க. அப்புறம் ஆளுக்கொரு தெசை.

— போன வாரம் கரியாலூர் பக்கம் மெட்ராஸ்காரங்க கல்யாணம் நடந்துச்சு, தெரியுமா? பஸ்ஸு பஸ்ஸா வந்து எறங்குனாங்க. மேட்டு மேல வெள்ளைக் கூடாரம், மரத்துக்கு மரம் லைட்டு. சேரு தூக்க என்னையும் கூப்ட்டாங்க. இந்த மாதிரி மலையில தாலி கட்டக் குடுத்து வெச்சிருக்கணும்னு ஒரு அம்மா எங்கிட்டயே சொல்லுச்சு. ஊரான் நம்ம மலையைத் தேடி வரான். நான் என் பொண்ணை எவன் தோட்டத்துலயோ கொண்டு போயி கட்டிக் குடுக்கணுமா?

— அவங்க சனத்தையும் கூட்டிக்கினு வந்தாங்க இல்ல. நம்ம சனம் அங்க இருக்குது.

— வாய் மட்டும் கம்மியே ஆவல உனக்கு.

— நீ கல்யாணத்தைப் பத்திப் பேசலய்யா. அந்தத் தோட்டத்துக்கு வர மாட்டேன்ற. அதான் பேச்சு.

— வர மாட்டேன்தான். என் புள்ளை வெற்றிசெல்வன் மரத்துலேர்ந்து விழுந்து செத்த மண்ணு அது. மழைக்கு முன்னாடி நெழல் மரத்துல கெளை கழிக்கணும்னு ஏத்துனாங்க. நான்தானே அவனைத் தூக்குனேன். அன்னியோட சரி. நீங்க ஆத்தாளும் மவளும் வருசா வருசம் மூட்டை கட்டிக்கினு போறீங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா?

— கேட்டிருக்கலாம்.

— இன்னாத்தைக் கேக்கறது? அங்க கூலி ஜாஸ்தின்னு சொல்லுவ. வேற இன்னா இருக்குது? சொல்லேன்.

— மாப்ள காலைக் கழுவி, கையைப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிக்கினு வரது யாருய்யா?

— மச்சான். பொண்ணு கூடப் பொறந்தவன். இல்லாத வூட்டுல பங்காளி புள்ளை செய்வான். என் தம்பி மவன் இளமாறன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

— நானும் வளர்மதிகிட்ட அதைத்தான் சொன்னேன். அது சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுந்து போச்சு. அண்ணன் இல்லாத எடத்துல கழுத்தை நீட்ட மாட்டேன்னு சொல்லுது.

— அதுக்கு நான் எங்க போவேன்? அவன் விழுந்த அன்னிக்கே புடிச்ச மழையில மலை சரிஞ்சு ரோடே போச்சு. ஊருக்குக் கொண்டாந்து பொதைக்கக் கூட முடியல. அந்தக் களத்துக்குப் பின்னாலதானே போட்டுட்டு வந்தோம். தெரிஞ்சும் அங்கயே மணவறை போடணும்ன்றியே. தோட்டத்துல வேற எடமா இல்ல?

— இருக்குது. பங்களா எதிர்ல புல்லுத் தரை தரேன்னுதான் மேஸ்திரி சொன்னாரு. நான்தான் களத்தைக் கேட்டு வாங்குனேன்.

— நீயா?

— கூலிக்குன்னா வேற தோட்டமே இல்லியாய்யா? நாயித்துக்கெழமை ஆனா அவன்கிட்டப் போயி குந்திக்கினு வருவேன். சொன்னா நீ எழுந்து போயிடுவன்னுதான் இத்தினி நாளா சொல்லல. இளமாறன் தண்ணி ஊத்தட்டும், வேணாங்கல. ஆனா அந்தக் கால் கழுவுற சொம்பை அதுக்கு முன்ன என் புள்ளை குழித் தலைமாட்டுல வெச்சு, மச்சான் குடுத்தான்னு சொல்லி, நீதான்யா களத்துக்கு எடுத்துக்கினு வரணும்.